தொழில் முறை ஆராய்ச்சியும் கரையோர உழைப்பும்

உழைப்பின்றி உயர்வில்லை என்பது யாவரும் அறிந்த உண்மை. ஆயின், உழைப்பெல்லாம் பயனாக முடிவதில்லை என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காலை முதல் மாலை வரை வியர்வை சிந்தும் ஒருவன் செலவிடும் ஆற்றலில் ஒரு பகுதியே செய்யும் பொருளிற் சென்று சேர்கின்றது. எஞ்சியது குனிதலிலும் நிமிர்தலிலும், தேடுதலிலும் காத்திருத்தலிலும், ஒருமுறை வைத்ததை மறுமுறை எடுத்தலிலும் கழிந்து போகின்றது. இவ்வாறு கழிவது எவ்வளவு, ஏன் கழிகின்றது, அதனை எவ்வாறு குறைக்கலாம் என்று ஒழுங்காக ஆராயும் துறையே தொழில் முறை ஆராய்ச்சி எனப்படும். வேலை செய்யும்போது கை, கால், கண், முதுகு ஆகியன அசையும் வகையை நுணுகி நோக்குவது அதன் ஒரு கிளை. அதனை அசைவாராய்ச்சி என்பர்.

இத்துறை பெரிய தொழிற்சாலைகளுக்கே உரியது என்றும், நம் ஊர்த் தொழில்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என்றும் கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது. புத்தளம் மாவட்டத்திலே, பள்ளிவாசல்துறையும் அதன் அயலூர்களும் அமைந்த கற்பிட்டிக் குடாநாட்டை நோக்குக. ஒரு புறம் கடல், மறு புறம் களப்பு. இடையே மணல் நிலம். கரைவலை இழுத்தல், கருவாடு போடுதல், மணற்றோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடுதல், புத்தளத்துப் பக்கம் உப்பு விளைத்தல் ஆகிய இவையெல்லாம் கையையும் முதுகையும் நம்பி வளர்ந்த தொழில்கள். இவற்றுள் கரைவலையைச் சிறப்பாக எடுத்துக்கொண்டு, இவ்வாராய்ச்சியின் நெறிகளையும், அதனைக் கையாளுவோர் மறத்தலாகாத ஒரு வினாவையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்துறை தோன்றிய வரலாறு

ஐக்கிய அமெரிக்காவிலே 1885ஆம் ஆண்டில், பிராங் கில்பிறெத் என்னும் 17 வயது இளைஞர் செங்கல் கட்டும் தொழில் பழகச் சேர்ந்தார். அவருக்குத் தொழில் கற்பித்த கொத்தர் ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாகக் கல்லை எடுத்து வைத்தனர். அதுமட்டுமன்று; ஒரே கொத்தர் ஆறுதலாகக் கட்டும்போது ஒரு விதமாகவும், விரைந்து கட்டும்போது வேறு விதமாகவும், பிறர்க்குக் காட்டிக் கொடுக்கும்போது மற்றொரு விதமாகவும் கையை அசைத்தார். இவற்றுள் எது சிறந்தது என்ற வினா அவ்விளைஞரின் உள்ளத்திற் பதிந்தது.

பிற்காலத்தில் அவர் அவ்வேலையை ஒவ்வோர் அசைவாகப் பிரித்து நோக்கினார். ஒரு கல்லை வைப்பதற்குக் கொத்தர் 18 அசைவுகளைச் செய்வதைக் கண்டார். கல்லும் சாந்தும் காலடியிற் கிடந்தமையால் ஒவ்வொரு கல்லுக்கும் உடல் முழுவதும் குனிந்து நிமிர வேண்டியிருந்தது. கல்லின் நல்ல முகம் எது என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. சாந்தின் பதம் ஒருபடித்தாக இராமையால் கல்லைக் கரண்டியால் தட்டித் தட்டி இருத்த வேண்டியிருந்தது. கில்பிறெத் உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய சாரம் ஒன்றை அமைத்துக் கல்லையும் சாந்தையும் இடுப்பளவு உயரத்துக்குக் கொணர்ந்தார். கல்லைத் தெரிந்து அடுக்கும் வேலையைக் குறைந்த கூலி பெறும் உதவியாளிடம் விட்டார். சாந்தின் பதத்தைத் திருத்தினார். 18 அசைவுகள் 5 ஆயின. மணிக்கு 120 கல் வைத்த இடத்தில் ஒருவர் 350 கல் வைக்க முடிந்தது. கொத்தரை எவரும் விரைந்து வேலை செய்யும்படி ஏவவில்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளவேண்டும். வேண்டாத அசைவு நீங்கியது. விரைவு தானாக வந்தது.

அதே காலத்தில் பெத்லெகெம் உருக்குத் தொழிற்சாலையில் பிறெடெரிக் ரெயிலர் என்பவர் சவளால் அள்ளும் வேலையை ஆராய்ந்தார். அங்கே ஒரே சவளால் பொடி நிலக்கரியை அள்ளும்போது 3½ இறாத்தலும், இரும்புத் தாதை அள்ளும்போது 38 இறாத்தலும் ஏறின. முன்னதில் உழைப்பு வீணாயிற்று. பின்னதில் உடல் விரைவிற் களைத்தது. பலமுறை சோதித்து, ஒரு சவளுக்கு ஏறத்தாழ 21½ இறாத்தல் ஏறும்போதே ஒரு நாளிற் கூடிய அளவு அள்ளப்படுகின்றது என்று அவர் கண்டார். பொருளுக்கேற்ற சவள்கள் பலவகையாகச் செய்யப்பட்டன. ஒருவர் நாளொன்றுக்கு அள்ளிய அளவு 16 தொன்னிலிருந்து 59 தொன்னாக உயர்ந்தது. அவர் பெற்ற கூலி 1 டொலர் 15 சதத்திலிருந்து 1 டொலர் 88 சதமாயிற்று. அப்பெருமுற்றத்தில் 400 முதல் 600 வரையான ஆட்கள் செய்த வேலையை ஏறத்தாழ 140 பேர் செய்து முடித்தனர். இக்கடைசி எண்ணை வாசகர் நினைவில் வைத்திருப்பாராக. இதனைப் பின்னரும் நோக்குவோம்.

ஆராயும் ஒழுங்கு

கில்பிறெத், ரெயிலர் ஆகியோரின் முறைகள் பின்வந்தோரால் ஒழுங்குபடுத்தப்பட்டன. சருவதேசத் தொழில் தாபனம் 1957ஆம் ஆண்டில் இத்துறைக்கு ஒரு பாடநூலையே வெளியிட்டது. அந்நெறியைச் சுருங்கக் கூறின், அது ஆறு படிகளை உடையது. ஆராய வேண்டிய வேலையைத் தெரிதல், நடப்பதை நடந்தவாறே பதிதல், ஒவ்வொன்றையும் வினாவி ஆராய்தல், சிறந்த முறையை வகுத்தல், அதனை நடைமுறைக்குக் கொண்டுவருதல், அது வழுவாமற் பேணுதல் என்பனவே அவை.

பதியும்போது வேலையின் ஒவ்வொரு கூறும் ஐந்தில் ஒன்றாகக் குறிக்கப்படும்: செய்கை, சோதனை, இடம்பெயர்த்தல், தாமதம், வைத்திருத்தல். இவற்றுள் பொருளுக்கு உண்மையிற் பயன் சேர்ப்பது செய்கை ஒன்றே. ஏனையவை பெரும்பாலும் செலவு. ஒரு நாள் வேலையை இவ்வாறு எழுதிப் பார்க்கும் எவரும் செய்கையின் பங்கு எவ்வளவு சிறிதென்று கண்டு வியப்படைவர்.

அடுத்து வினாக்கள். இது எதற்காகச் செய்யப்படுகின்றது? ஏன் இவ்விடத்தில்? ஏன் இந்நேரத்தில்? ஏன் இவரால்? ஏன் இவ்வாறு? இவ்வரிசையை மாற்றுதல் கூடாது. எதற்காக என்னும் வினாவுக்குத் தக்க விடை இல்லையாயின் அவ்வேலையையே நீக்கிவிடலாம். அதனை எவ்வாறு திறம்படச் செய்வது என்று ஆராய்தல் வீண்.

நம் கடற்றொழிலிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. முற்காலத்தில் வலைகள் பருத்தி நூலாலும் சணல் நூலாலும் ஆனவை. அவை அழுகாதிருக்கும் பொருட்டு அடிக்கடி விரித்துக் காயவைக்க வேண்டும். மரப்பட்டைச் சாயம் காய்ச்சி அதிலே தோய்க்க வேண்டும். தோய்க்கும் முறையை எவ்வளவு திருத்தினாலும் சிறிதளவு நேரமே மிஞ்சியிருக்கும். 1950களிலும் 1960களிலும் நைலோன் வலை பரவியபோது தோய்க்கும் வேலையே தேவையற்றதாயிற்று. நீக்குதலே முதலாவது திருத்தம் என்னும் விதிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கரைவலை: ஓர் ஆராய்ச்சி

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். ஆகையால் ஒக்டோபர் முதல் ஏப்பிரில் வரையான காலமே அக்கரையிற் கரைவலைக்கு உரிய காலம். குறித்த பாட்டிலிருந்து வள்ளம் புறப்பட்டு, ஒரு கயிற்றின் நுனியைக் கரையில் விட்டு, வலையை அரைவட்டமாக வளைத்து, மறு கயிற்றுடன் சற்றுத் தொலைவிற் கரை சேரும். பின்னர் இரு அணியினர் இரு கயிறுகளையும் இழுப்பர். வலை கரையை அணுகுந்தோறும் அணிகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். ஈற்றில் மடி கரையேறும். மீன் தெரியப்பட்டு விற்கப்படும். பணம் சம்மாட்டிக்கும் இழுத்தோர்க்கும் பங்கு முறையிற் பிரிக்கப்படும்.

இழுக்கும் ஒருவரை மட்டும் நோக்குவோம். அவர் அலைவாய்க்கு அருகிற் கயிற்றைப் பற்றி, பின்னோக்கி நடந்து மேட்டை அடைகின்றார். அங்கே கயிற்றை விட்டுவிட்டு, வெறுங்கையுடன் மீண்டும் அலைவாய்க்கு வருகின்றார். அவர் நடக்கும் நடையிற் பாதி சுமையற்ற நடை. கடிகாரத்தைக் கையில் வைத்து நிற்கும் புதிய ஆராய்ச்சியாளர் ஒருவர் இதனை வீண் நடை என்று உடனே எழுதிக்கொள்வார். அவர் எழுதுவது தவறு. பாரமான இரும்புப் பாளங்களைச் சுமப்போர் பற்றி ரெயிலர் கண்டது இங்கே நினைவுகூரத்தக்கது. 92 இறாத்தற் பாளத்தைத் தூக்கும் வலிமை மிக்க ஆள்கூட, வேலை நேரத்தில் நூற்றுக்கு 43 பங்கு நேரமே சுமையோடு இருத்தல் கூடும். எஞ்சிய 57 பங்கு நேரம் தசைநார்கள் சுமையின்றி இருத்தல் வேண்டும். கரைவலை இழுப்போரின் வெறுங்கை நடை அவருடைய ஓய்வு. அதனைக் குறைத்தால் வலை விரைந்து வாராது. ஆளே விரைந்து களைப்பார்.

அம்பாப் பாட்டும் அத்தகையதே. சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையேயுள்ள உடப்பில் இப்பாட்டு மரபு பெயர்பெற்றது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடி இழுப்பர். பாட்டினால் நேரம் போகின்றது என்று எண்ணுதல் பேதைமை. பத்துப் பேர் பத்து வேறு கணங்களில் இழுத்தால் கயிறு ஒருபோதும் பத்துப் பேரின் வலிமையைப் பெறாது. ஒரே கணத்தில் இழுத்தாலே வலிமை ஒன்று சேரும். பாட்டின் தாளம் அக்கணத்தை வகுத்துக் கொடுக்கின்றது. இரு இழுப்புகளுக்கிடையே மூச்சுவிடவும் இடந்தருகின்றது. வேலைக்கு ஒத்திசை வேண்டும் என்பதை மேலைநாட்டு அசைவாராய்ச்சி நூல்கள் இருபதாம் நூற்றாண்டில் ஒரு விதியாக எழுதின. நம் கரையோர மக்கள் அதனை அதற்கு முன்னரே பாடிவந்தனர்.

அவ்வாறாயின் திருத்த வேண்டியது ஒன்றுமில்லையோ எனின், உண்டு. முதலாவது, ஓர் அணி முந்தி மற்றை அணி பிந்தும் நேரம். அப்போது முந்திய அணியினர் கயிற்றை இறுகப் பற்றியபடி அசையாது நிற்கின்றனர். பௌதிக நூலின்படி, அசையாத கயிற்றில் நடைபெறும் வேலை பூச்சியம். தசையோ நடப்பதைக் காட்டிலும் கூடுதலாக நோகின்றது. இரு அணிகளும் காணக்கூடிய இடத்தில் ஒருவர் நின்று கொடியால் சைகை காட்டினாலும், கயிற்றைக் கட்டி நிறுத்த ஒரு முளை நட்டிருந்தாலும் இந்நோவைப் பெரிதும் தவிர்க்கலாம்.

இரண்டாவது, மீன் தெரியும் வேலை. நெத்தலி, சூடை, பாரை என்று கலந்து வரும் மீனை மணலிற் கொட்டிக் குனிந்திருந்து பிரிக்கின்றனர். கில்பிறெத் செங்கல்லை இடுப்பளவுக்கு உயர்த்தியதன் காரணம் இங்கும் பொருந்தும். குனியும் ஒருவர் ஒவ்வொரு முறையும் தூக்குவது கையிலுள்ள மீனை மட்டுமன்று, தம் உடலின் மேற்பாதியையும் சேர்த்தே தூக்குகின்றார். பலகையால் ஆன ஒரு மேசை இருப்பின் முதுகும் பிழைக்கும், மீனும் மண்படாது. மூன்றாவது, மீனை வாடிக்கும் வீதிக்கும் கொண்டுசெல்லுதல். மணலிற் புதையும் காலுடன் தலைச்சுமையாக நடப்பது மிகக் கடிய இடம்பெயர்த்தல். அகன்ற சில்லுடைய கைவண்டி இவ்வேலையைக் குறைக்கும். நான்காவது, தாமதம். வாகனம் வரும்வரை வெயிலிற் கிடக்கும் மீன் ஒவ்வொரு கணமும் விலை இழக்கின்றது. இங்கே திருத்த வேண்டியது அசைவன்று. நிழலும் பனிக்கட்டியும் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்கும் ஒழுங்கு.

கருவாடும் உப்பும்

கருவாட்டை மணலில் விரித்துக் காயவைத்தலுக்கும் பரணிற் காயவைத்தலுக்கும் உள்ள வேறுபாடு, ஒரு திருத்தம் பல வேலைகளை நீக்கும் வகையைக் காட்டும். மணலிற் காயும் மீனைப் பின்னர் மண் நீங்கத் தட்டவேண்டும், குனிந்து புரட்டவேண்டும், நாயும் காகமும் அணுகாது காக்கவேண்டும், மழை கண்டால் ஒவ்வொன்றாகப் பொறுக்கவேண்டும். இடுப்பளவு உயரத்தில் வலை விரித்த பரணிற் காயும் மீனுக்குக் கீழிருந்தும் காற்றுப் படுகின்றது, விரைவிற் காய்கின்றது. மண் தட்டும் வேலை இல்லை, புரட்டுதல் எளிது, மழை வரின் மேலே ஒரு விரிப்பை இழுத்து மூடினாற் போதும்.

உப்பளத்திலும் ரெயிலரின் சவள் வினாவே எழுகின்றது: கூடையின் அளவு எவ்வளவாக இருத்தல் வேண்டும்? பெரிய கூடை நடைகளைக் குறைக்கும், ஆளை ஒடிக்கும். சிறிய கூடை ஆளைக் காக்கும், நடைகளைக் கூட்டும். 21½ இறாத்தல் என்னும் எண்ணை அமெரிக்காவிலிருந்து எடுத்து இங்கே விதிப்பது அறிவுடைமையன்று. அது சவளுக்கும், அந்த ஆட்களுக்கும், அந்தத் தட்பவெப்பத்துக்கும் உரியது. நடக்கும் தூரமும் வெயிலும் சுமப்போரின் உடல்நிலையும் வேறாயின் விடையும் வேறாகும். எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணையன்று, சோதித்து அறியும் முறையை.

மிஞ்சியது யாருக்கு?

இனி, பெத்லெகெம் தொழிற்சாலையின் கடைசி எண்ணுக்கு வருவோம். 140 பேரின் கூலி உயர்ந்தது. எஞ்சிய பல நூறு பேருக்கு அம்முற்றத்தில் வேலை இல்லாதொழிந்தது. தொழில் முறை ஆராய்ச்சியை உலகெங்கும் தொழிலாளர் ஐயுறவுடன் நோக்குவதற்குரிய வேர் இதுவே. 1911ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசின் வாட்டர்டவுண் படைக்கலச் சாலையில் கடிகாரங்கொண்டு வேலையை அளக்கத் தொடங்கியபோது, வார்ப்புத் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். அந்நாட்டுச் சட்டசபை அதனை விசாரித்தது. 1915இல் அரசாங்கப் படைக்கலச் சாலைகளிற் கடிகார அளவை தடுக்கப்பட்டது. அத்தடை 1949 வரை நீடித்தது.

நம் கரையிலும் இதே வினா இன்று வேறோர் உருவில் எழுந்துள்ளது. உழவு இயந்திரத்திற் பொருத்திய வின்ச் என்னும் சுழற்பொறியால் கரைவலையை இழுக்கும் வழக்கம் இலங்கையின் பல கரைகளிற் பரவியது. கடற்றொழில் அதிகாரிகள் அதனைத் தடுத்ததும், வலையுடையோர் அதற்கு எதிராக முறையிட்டதும் உண்டு. இழுக்க ஆள் கிடைப்பது அரிதாயிற்று, பொறியின்றித் தொழில் நில்லாது என்பது ஒரு சாரார் வாதம். பலரின் பங்கு பறிபோகும், கடலடியும் கரையும் கெடும் என்பது மறுசாரார் வாதம்.

இரு வாதத்திலும் உண்மை உண்டு. கயிறு இழுத்துக் கையுரிந்த ஒருவரிடம் சென்று பொறி வேண்டாம் என்று கூறும் உரிமை, நிழலில் இருந்து எழுதுவோர்க்கு இல்லை. ஆயினும் இங்கே நடைபெறுவது வெறும் முறை மாற்றமன்று. பங்கு முறையில் இழுப்போர் ஒவ்வொருவரும் கூலியாளர் மட்டுமல்லர், பங்காளருமாவர். முப்பது பேர் இழுத்த வலையைப் பொறியின் துணையுடன் பத்துப் பேர் இழுப்பராயின், எஞ்சிய இருபது பேரின் பங்கு எங்கே சேரும்? பத்துப் பேருக்கும் பிரியுமா, அல்லது பொறிக்கு ஒரு பங்கு என்று உடையவரிடம் சேருமா? இவ்வினாவுக்கு விடை காணாத முறைத் திருத்தம் பாதித் திருத்தமே. முறை ஆராய்ச்சி உழைப்பின் நோவைக் குறைப்பதற்கு ஏற்பட்டது. உழைப்போரைக் குறைப்பதே அதன் முடிபாயின், அடுத்த முறை கடிகாரத்துடன் வருபவருக்கு எவரும் உண்மை கூறார்.

அகமதாபாத் கற்பித்த பாடம்

இதற்கு வேறு வழி உண்டு என்பதை இந்தியாவின் அகமதாபாத் நகரத்துக் கலிக்கோ ஆலை காட்டியது. அங்கே 1952ஆம் ஆண்டில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. 224 தறிகளைக் கவனிக்க 29 பேர். அவர்களின் வேலை 12 வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நெசவாளர் ஒருவருக்கு இத்தனை தறி, நூற்கண்டு நிரப்புவோருக்கு இத்தனை, அறுந்த இழை பொருத்துவோருக்கு இத்தனை என்று ஒவ்வொருவரின் சுமையும் தனித்தனியே அளந்து வகுக்கப்பட்டது. அளவிலே பிழையில்லை, எனினும் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. ஒருவருக்கொருவர் உரிய குழு இன்மையால், ஒரு நெசவாளர் தமக்கு உதவி வேண்டும்போது வெவ்வேறு ஆட்களைத் தேட வேண்டியிருந்தது.

இலண்டனின் ரவிஸ்ரொக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. றைஸ் என்பவர் 1953இல் வேறொரு ஒழுங்கை முன்வைத்தார். 64 தறிகளுக்கு 7 பேர் கொண்ட குழு. தறிகள் அனைத்தும் அக்குழுவின் பொறுப்பு. தொழிலாளர் இதனை விருப்புடன் ஏற்றுத் தாமே குழுக்களை அமைத்துக்கொண்டனர். தொடக்கத் தடுமாற்றம் நீங்கியபின் விளைவு உயர்ந்தது. பழுதான துணி குறைந்தது. ஒவ்வோர் அசைவையும் அளந்தவர் காணாத ஒன்றை, வேலையைச் சேர்ந்து செய்வோர் அறிந்திருந்தனர். கரைவலை அணியில் யார் முன்னே நிற்பது, யார் கயிறு சுற்றுவது, முதியவருக்கு எவ்விடம் என்பதை ஆண்டாண்டாக அணியினரே வகுத்து வந்துள்ளனர். அவர்களை வினாவாது வகுக்கும் எந்த முறையும் ஆலையில் முதலிற் கண்ட குறையையே கரையிலும் காணும்.

மாணவர்க்கு ஒரு வார்த்தை

கில்பிறெத்தின் மனைவியார் லிலியன் அம்மையார் உளநூல் வல்லுநர். கணவர் 1924இல் இறந்தபின் தனித்து நின்று இத்துறையை வளர்த்த அவர், சமையலறையில் பெண்கள் நடக்கும் நடையையும் ஆராய்ந்து, அடுப்பும் மேசையும் அமைய வேண்டிய இடங்களைத் திருத்தினார். ஆகவே இவ்வாராய்ச்சி செய்வதற்கு ஆலை வேண்டுமென்பதில்லை. வீட்டுச் சமையலறையிலோ, கல்லூரி ஆய்வுகூடத்திலோ, அலுவலகத்தில் ஒரு கடிதம் மேசை மேசையாகச் செல்லும் வழியிலோ இதனைத் தொடங்கலாம். ஒரு தாளும் எழுதுகோலும் போதும். நடப்பதைத் திரிபின்றி எழுதுக. ஐந்து வினாக்களையும் வரிசை பிறழாது கேட்க.

ஆயினும் முதல் வினாவை அவ்வேலையைச் செய்பவரிடமே கேட்டல் வேண்டும். அவருடைய கை ஏன் அவ்வாறு அசைகின்றது என்பதற்கு அவரிடம் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அக்காரணத்தை அறிந்தபின் செய்யும் திருத்தமே நிலைக்கும். நம் பழைய மாணவருட் பலர் இன்று பிறரை வேலை கொள்ளும் நிலையில் உள்ளனர். இன்று கற்கும் மாணவருட் பலர் நாளை அந்நிலையை எய்துவர். தம் கீழ் உழைப்போரின் ஒரு நாள் நடையில் நூறு அடியைக் குறைத்துக் கொடுப்பவர், அவர் மாலையில் வீடு திரும்பும்போது தம் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளப் போதிய வலிமையை மீட்டுக் கொடுக்கின்றார். இத்துறையைக் கற்பதன் பயன் அதுவே.